பள்ளியில் இசைத் தயாரிப்பு மன்றம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: இயற்பியல் ஆசிரியை, காங்கேயம் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். கலைத் திருவிழாப் பயிற்சிகளின்போது, மேடையேறாத பிள்ளைகள் சிலர் அலைபேசியில் தாங்களே தாளம் அமைத்து, அதன்மேல் தங்கள் குரலைப் பதிந்து, ஒருவருக்கொருவர் கேட்கக் கொடுப்பதைக் கண்டேன். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம் போல இவர்களுக்கும் ஒரு மன்றம் வேண்டும் என்று கேட்டதற்குத் தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஒதுக்கித் தந்திருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகம் 15,000 ரூபாய் தருகிறது. இதுவரை 19 பேர் பெயர் கொடுத்துள்ளனர். முறையாக இசை கற்றவர்கள் அவர்களில் இருவரே.

கிடைத்திருக்கும் அறை சிமெண்ட் தரையும் வெற்றுச் சுவரும் கொண்டது. பின்தெருவில் நாள் முழுவதும் விசைத்தறி ஓடும். முன்பு நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில் இப்படித்தான் ஆர்வத்தோடு ஒரு கீபோர்டு வாங்கினோம். வாசிக்கத் தெரிந்த ஒரே மாணவனைச் சுற்றி மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது. அந்த நிலை இந்தப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. எதை வாங்குவது, முதல் இரண்டு மாதங்கள் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஒலிப்பதிவாளர், கோவை

வணக்கம் அம்மா. மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். ஒலியைப் பதிவுசெய்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும். தாளமும் மெட்டும் அடுக்க எல்எம்எம்எஸ் நன்றாக உதவும். இரண்டும் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குபவை என்பதால் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினிகளில் நிறுவ அனுமதி பெற்றால் பயன்படுத்தலாம். எல்எம்எம்எஸ்ஸில் குரலை நேரடியாகப் பதிய இயலாது; ஆடாசிட்டியில் பதிந்து, வேவ் (WAV) என்னும் ஒலிக்கோப்பாக எடுத்துச் செல்ல வேண்டும்.

பணத்தை ஒரு சிறிய ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு டைனமிக் மைக் (காந்தப்புலத்தில் அசையும் கம்பிச் சுருளால் ஒலியை மின்சாரமாக்கும் வகை), காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்போன் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் அறையின் எதிரொலியும் வெளியோசையும் தாமாகப் பின்தங்கும். தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும், அறையின் ஒலியோ அப்படியே இருக்கும். பறையோ உடுக்கையோ பதியும்போது உச்ச ஒலி மென்பொருளின் மீட்டரில் -12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். 0ஐத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்பட்ட ஒலியை முழுமையாக மீட்க முடியாது. பதிவில் மின்சார இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பதிந்து பாருங்கள்.

சுவருக்கு விலையுயர்ந்த பஞ்சுப் பலகைகள் வேண்டியதில்லை. நம் பவானி ஜமுக்காளத்தைச் சுவரோடு ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். கூர்மையான எதிரொலி வெகுவாக அடங்கும். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு அது போதாது; அவற்றின் அலைகள் அந்த ஒரு சாண் இடைவெளியைவிட மிக நீளமானவை. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதைத் தாங்கள் பாடமாகவே நடத்துகிறீர்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபி

கருவிகளைப் பற்றித் தம்பி சொன்னது சரி. ஆனால் அந்தக் கீபோர்டு பீரோவுக்குள் போனதற்குக் காரணம் கருவி அன்று. ஒருவனுக்கு மட்டுமே அங்கு வேலை இருந்தது. நான் பணியில் இருந்த காலத்தில் இத்தகைய குழு ஒன்றை நடத்தியபோது நால்வருக்கு ஓர் அணி என்று பிரித்தேன்: ஒருவர் பாடுவார் அல்லது வாசிப்பார், ஒருவர் ஹெட்போனுடன் மைக்கைக் கவனிப்பார், ஒருவர் கணினியில் இருப்பார், நான்காமவர் கோப்பின் பெயர், தேதி, தாள வேகம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவார். வாரந்தோறும் வேலை மாறும். பாட வராது என்று ஒதுங்கியிருந்த ஒரு பெண்தான், பதிவில் மூச்சொலி எங்கே வருகிறது என்பதை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுபிடிப்பாள்.

முதல் மாதத்தில் ஒரு நிமிட ஒலித்துண்டு ஒன்றை ஒவ்வோர் அணியும் முடித்தாக வேண்டும் என்று மட்டும் வையுங்கள். அரைகுறையாக ஐந்து பாட்டு இருப்பதைவிட முடிந்த ஒரு நிமிடம் மேல். அந்தத் தறிச் சத்தத்தைத் தொல்லையாகவும் எண்ணாதீர்கள். அதையே பதியச் சொல்லுங்கள். பத்து விநாடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி ஆறால் பெருக்கினால் தாள வேகம் கிடைத்துவிடும். அதன்மேல் பிள்ளைகள் கைத்தட்டலையும் கும்மிப் பாட்டையும் அடுக்கட்டும்.

இரண்டாம் மாதம் ஊருக்குள் செல்லுங்கள். 1965இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக் உங்கள் காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில், உடுக்கையடித்துப் பாடப்பட்ட, கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். கடல் கடந்து வந்தவர் செய்ததை நம் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் செய்யலாம் அல்லவா? எங்கள் குழு பதிந்த பாடலை ஒரு முதியவருக்கு ஹெட்போனில் கேட்கக் கொடுத்தபோது, அவர் இரு கைகளாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நானுங்களா பாடறது?" என்று கேட்டார். பின்பு, இரண்டாவது அடியில் தாளம் தப்பிவிட்டது, மறுபடியும் எடுங்கள் என்று உடுக்கையை எடுத்துக்கொண்டார்.

மறுமொழி 3: பெற்றோர், திருப்பூர்

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைப்பாடலின் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி தனித்தனியே உரிமை உண்டு. மன்றத்தின் பெயரில் அவற்றை இணையத்தில் ஏற்றுவது சிக்கல் தரும். ஊர்க் கலைஞர்களிடமும், பிள்ளைகளின் குரல் வெளியே போகுமானால் பெற்றோரிடமும், எழுத்தில் ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு மாணவியின் பாட்டி இரண்டு பழைய ஜமுக்காளங்களைக் கொடுத்தார்கள். கட்டுவதற்கு முன்பும் பின்பும் கைத்தட்டிப் பதிந்தோம்; இரண்டாவது பதிவில் ஒலியின் வால் (தட்டியபின் நீடிக்கும் எதிரொலி) குறுகியிருப்பதைத் திரையில் கண்டதும் பிள்ளைகள் நகர மறுத்தார்கள். இதே அறையில் அலைகளைப் பற்றிய பாடத்தை நடத்தப் போகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை பின்தெருத் தறியைப் பதிந்தோம். பத்து விநாடிக்கு 24 அடி. அதாவது நிமிடத்துக்கு 144. இதுவரை வாய் திறக்காமல் பதிவேட்டை மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "இது எங்க தறி இல்லீங் டீச்சர், எங்களுது இன்னும் மெதுவா ஓடும்" என்றான். அடுத்த வாரம் அவன் வீட்டுக்குச் செல்கிறோம். மைக்கைப் பிடிக்கப் போகிறவன் அவன்தான்.