டிஆர் (பேரிடர் மீட்பு) தளத்துக்கு டேட்டாபேஸ் சர்வரைத் தயார் செய்யும்போது எங்கே இடிக்கும்?

முதல் பதிவு

ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷன் போட்டதும் டிஆர் ரெடி என்று பல இடங்களில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஸ்டோரேஜ் லன்னைத்தான், அதாவது சர்வருக்கு அது ஒதுக்கிய டிஸ்கைத்தான், நகலெடுக்கும். லன்னுக்கு வெளியே இருக்கிற அத்தனையும் நம் பொறுப்பு. லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எஸ்ஏஎன் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) லன் டிஆருக்கு நகலாகிறது. இந்த அமைப்பில் பார்த்ததை எழுதுங்கள்.

முதலில் கன்சிஸ்டென்சி குரூப், அதாவது ஒரே நேரத்து நிலையில் சேர்ந்தே நகலாகும் லன்களின் தொகுப்பு. டேட்டா ஒரு லன்னிலும் வால் லாக் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) இன்னொரு லன்னிலும் இருந்தால் இரண்டும் ஒரே குரூப்பில் இருந்தே ஆக வேண்டும். ஒரு டேட்டா பக்கத்தை டிஸ்கில் எழுதுமுன் அதற்கான லாக்கை போஸ்ட்கிரெஸ் எழுதிவிடும். கிராஷ் ஆனபின் மீண்டு வருவது இந்த வரிசையை நம்பித்தான். குரூப் பிரிந்திருந்தால் டிஆரில் டேட்டா 10:00:05 மணி நிலையிலும் லாக் 10:00:03 மணி நிலையிலும் நிற்கலாம். செக்பாயின்ட் (அதுவரையான மாற்றங்கள் டிஸ்கில் சேர்ந்துவிட்டன என்ற குறி) ரெக்கார்ட் கிடைக்கவில்லை என்று பேனிக் பிழை காட்டி நின்றுவிட்டால் நல்லது, உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் எழுந்து, சில நாள் கழித்து டேபிள் கெட்டிருப்பது தெரிய வந்தால்தான் ஆபத்து.

டேபிள்ஸ்பேஸையும் (டேபிள்களை வேறு டிஸ்கில் வைக்கும் இடம்) பாருங்கள். டேட்டா டைரக்டரியில் அதற்கென உள்ள ஃபோல்டரில் இருக்கும் சிம்லிங்க் (வேறு இடத்தைக் காட்டும் இணைப்பு) ஒவ்வொன்றும் எந்த டிஸ்கைக் காட்டுகிறது என்று சரிபார்க்க வேண்டும். அவசரத்துக்கு லோக்கல் டிஸ்கில் போட்ட ஒன்று அங்கே கிடந்தால், அது டிஆருக்குப் போகவே போகாது.

மறுமொழி 1

லன்னுக்கு வெளியே இருப்பதைப் பற்றி. டெபியன், உபுன்டுவில் போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் கோப்புகள் டேட்டா டைரக்டரியில் இருக்காது, இடிசி (/etc) டைரக்டரியின் கீழே இருக்கும். அதனால் பிரைமரியில் மாற்றிய மெமரி அளவு, எந்த ஐபி உள்ளே வரலாம் என்ற விதி எதுவும் டிஆருக்கு வராது. ரெட்ஹேட்டில் இவை டேட்டாவோடு இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

யூஐடி (லினக்ஸ் யூசரின் எண்) அடுத்தது. ரெட்ஹேட் பேக்கேஜ் போஸ்ட்கிரெஸ் யூசருக்கு 26 என்ற எண்ணைக் கொடுக்கும். டெபியனில் அப்போது எது காலியோ அது. இரண்டு பக்கமும் எண் வேறானால் டைரக்டரியின் உரிமையாளர் தவறு என்று சர்வர் எழ மறுக்கும். ஹியூஜ் பேஜஸை (பெரிய மெமரி துண்டுகள்) 'ஆன்' என்று கட்டாயப்படுத்திவிட்டு டிஆர் கெர்னலில் அவற்றை ஒதுக்காமல் விட்டாலும் எழாது.

எல்லாவற்றிலும் மோசமானது ஜிலிப்சி, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி பெரிதாக மாறியது. ரெட்ஹேட் 7-ல் இருப்பது 2.17, 8-ல் 2.28. பிரைமரி 7-லும் டிஆர் 8-லும் ஓடினால் டெக்ஸ்ட் இன்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்கும், தேடுவது புது வரிசையில் நடக்கும். டேபிளில் உள்ள ரோ தேடினால் கிடைக்காது. யூனிக் இன்டெக்ஸில் டூப்ளிகேட் நுழையும். இரண்டு பக்கமும் ஓஎஸ் ஒரே பதிப்பில் இருக்கட்டும். முடியாவிட்டால் டிஆரில் எழுப்பியதும், அப்ளிகேஷனைத் திறக்குமுன், ரீஇன்டெக்ஸ் செய்தாக வேண்டும்.

மறுமொழி 2

மவுண்ட் பக்கம் சில. டிஆர் லன்னுக்கு டபிள்யூடபிள்யூஐடி (டிஸ்கின் தனி அடையாள எண்) வேறு. அதை வைத்து எஃப்ஸ்டேப் (மவுண்ட் பட்டியல்) எழுதியிருந்தால் டிஆரில் வேலை செய்யாது. எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் நிர்வாக அடுக்கு) பெயரோ ஃபைல்சிஸ்டம் யூயூஐடியோ போடுங்கள். கூடவே நோஃபெயில் (மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற ஆப்ஷன்) வேண்டும். ரெப்ளிகேஷன் ஓடும் நேரத்தில் டிஆர் லன் பெரும்பாலும் எழுத முடியாத நிலையில் இருக்கும், நோஃபெயில் இல்லாமல் ரீபூட் செய்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துவிடும்.

சோதனைக்கு டிஆர் லன்னிலேயே கை வைக்காமல், எழுதக்கூடிய ஸ்னாப்ஷாட் எடுத்து அதை மவுண்ட் செய்யுங்கள். அசல் லன்னும் தெரிகிற அதே ஹோஸ்டில் ஸ்னாப்ஷாட்டைக் காட்டினால் எல்விஎம் டூப்ளிகேட் பிவி (ஒரே அடையாளத்தில் இரண்டு டிஸ்க்) என்று கத்தும். விஜிஇம்போர்ட்குளோன் ஓட்டி யூயூஐடியை மாற்றியபிறகு ஆக்டிவேட் செய்யலாம். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் என்றால் மவுண்டில் நோயூயூஐடி ஆப்ஷனும் தேவை.

மறுமொழி 3

சிங்க்ரனஸா (டிஆரில் எழுதும்வரை காத்திருப்பது), ஏசிங்க்ரனஸா (காத்திராமல் பின்னால் அனுப்புவது) என்பதை தூரம்தான் தீர்மானிக்கும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோசெகண்ட் ஆகும். 100 கி.மீ. கேபிள் என்றால் போய்வர 1 மில்லிசெகண்ட். சென்னை - மும்பை 1000 கி.மீ.க்கு மேல், ஆகவே போய்வரவே 10 மில்லிசெகண்டுக்குக் குறையாது. ஒவ்வொரு கமிட்டும் அதற்குக் காத்திருந்தால் ஒரு கனெக்‌ஷனில் செகண்டுக்கு 100 கமிட்டைத் தாண்டாது. பங்குச்சந்தைகளுக்கு செபி 2019-ல் சொன்ன ஏற்பாடு இதை ஒட்டியதுதான்: டேட்டா இழப்பே இல்லாமலிருக்க ஒரு நியர் சைட், அது தவிர வேறு நிலநடுக்க மண்டலத்தில் ஒரு டிஆர், மண்டலம் மாற்ற முடியாவிட்டால் குறைந்தது 500 கி.மீ. தூரம்.

பேண்ட்வித்தை சராசரி வைத்துப் போடாதீர்கள். ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷனில் லாக், டேட்டா பக்கம், வரிசைப்படுத்தும்போது எழுதும் டெம்ப் கோப்பு எல்லாமே லைனில் போகும். செக்பாயின்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது 8 கேபி பக்கம் முழுதாக லாக்கிலும் ஏறும். ஆகவே லாக்கை மட்டும் அனுப்பும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனைவிட நிறையத் தேவைப்படும். மாதக் கடைசியில், பெரிய ரீஇன்டெக்ஸ் ஓடும்போது லன்னில் நடக்கும் எழுத்தை அளந்து அந்த உச்சத்துக்கு லைன் வாங்குங்கள்.

மறுமொழி 4

ரெப்ளிகேஷனை பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். தவறாகப் போட்ட டெலீட்டையும் அது அதே வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிப்புத் தளமான கிட்லேபில் செகண்டரி என்று நினைத்து பிரைமரியின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார்கள். தேடிப் போனால் டம்ப் பேக்கப் காலி: டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2. தோல்வியைச் சொல்லும் மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரம் பழைய எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில் இருந்துதான் மீண்டார்கள். லாக் ஆர்கைவ் தனி இடத்தில் இருக்கட்டும், சில மணி நேரம் பின்தங்கி ஓடும் ஒரு ஸ்டாண்ட்பையும் (நகல் சர்வர்) இருக்கட்டும்.

மறுமொழி 5

எவ்வளவு டேட்டாவை இழப்போம் என்பதை அளக்க எளிய வழி: பிரைமரியில் ஒரு சிறு டேபிள், அதில் செகண்டுக்கு ஒரு ரோவாக அந்த நேரம். டிஆர் ஸ்னாப்ஷாட்டில் போஸ்ட்கிரெஸை எழுப்பி கடைசி ரோவைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் உண்மையான ஆர்பிஓ (எவ்வளவு நேரத்து டேட்டா போகும் என்ற அளவு). முன்னதாக இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எழுந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல் முழு டேட்டாபேஸையும் டம்ப் எடுத்து டெவ் நல்லுக்கு (/dev/null, வருவதைத் தூக்கி எறியும் இடம்) அனுப்புங்கள், ஒவ்வொரு டேபிளும் படிக்கப்படும். இன்டெக்ஸை அது தொடாது. அதற்கு போஸ்ட்கிரெஸ் பதிப்பு 14 முதல் பிஜி ஏஎம்செக் கருவி இருக்கிறது.