ஹெல்மெட் வாங்கணும்: 59 செ.மீ. தலை, பவர் கண்ணாடி, 4000க்குள்ள எது சரி?

நூத்தம்பது_சிசி:
வணக்கம் மக்களே. வண்டி 150 சிசி. தினமும் ஜிஎஸ்டி ரோட்டுல தாம்பரம் டூ கிண்டி, அப்பப்ப திண்டிவனம் தாண்டி ஹைவே. தையல் டேப் வச்சு அளந்ததுல தலைச் சுற்றளவு 59 செ.மீ. பவர் கண்ணாடி போடுறேன். பட்ஜெட் 4000. கேள்விகள்:

ஃபுல் ஃபேஸா, முன்பக்கம் தூக்குற ஃப்ளிப் அப்பா? ஐஎஸ்ஐ மட்டும் இருந்தா போதுமா, ஈசிஈங்கற ஐரோப்பியத் தர முத்திரையும் வேணுமா? ஒரு கம்பெனி சைஸ் சார்ட் படி எனக்கு எல், இன்னொண்ணுல எக்ஸ்எல் வருது, எதை நம்புறது? ரெண்டு டி வடிவ வளையத்துல நுழைச்சு இறுக்குற டபுள் டி ரிங் ஸ்ட்ராப் அவசியமா? கறுப்பு வைசர் போட்டா வெயிலுக்கு நல்லாருக்குமா?

மாடல் பேரைவிட எதைப் பாத்து வாங்கணும்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

பழைய_பிஸ்டன்:
தம்பி, முதல்ல சைஸை முடிச்சிடலாம். மத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான்.

எல், எக்ஸ்எல் எழுத்தைப் பாக்காதீங்க. உள்ள ஸ்டிக்கர்ல மி.மீ. அளவு போட்டிருக்கும், அதைப் பாருங்க. ஒருத்தர் எல்னா 580ன்னு போடுவார், இன்னொருத்தர் 600ன்னு போடுவார். உங்களுக்கு 590 அடங்குற சைஸ் வேணும். டேப்பைப் புருவத்துக்கு ஒரு இன்ச் மேல வச்சு, பின்மண்டை அதிகமா புடைச்சிருக்கற இடம் வழியா சுத்தணும். மூணு தடவை எடுத்து, வந்ததுல பெரிய அளவை வச்சுக்கங்க. ரெண்டு சைஸுக்கு நடுவுல நின்னா சின்னதை முதல்ல போட்டுப் பாருங்க.

கடையில போட்டுப் பாக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. ரெண்டு ஸ்ட்ராப்பையும் வெளிப்பக்கமா இழுத்து விரிச்சுக்கிட்டு மாட்டுங்க. காது கொஞ்சம் மடங்கித்தான் உள்ள போகும், அது தப்பில்ல. மாட்டினதும் கன்னம் ரெண்டும் உள்ள அமுங்கணும். மெல்ற மாதிரி வாயை அசைச்சா கன்னத்தை உள்பக்கம் கடிச்சுக்குற அளவுக்கு இறுக்கம் இருந்தா சரி. நெத்திக்கும் லைனருக்கும் (உள்மெத்தை) நடுவுல விரல் நுழைஞ்சா அது பெரிய சைஸ். அடுத்து ஹெல்மெட்டைக் கையால பிடிச்சு இடவலமா திருப்புங்க. நெத்தித் தோலும் கன்னமும் சேந்து இழுபடணும். தோல் நிக்குது, ஹெல்மெட் மட்டும் சுத்துதுன்னா கழட்டி வச்சிடுங்க.

கடைசியா பண்ண வேண்டியதை யாருமே பண்றதில்ல. ஸ்ட்ராப்பை மாட்டி இறுக்கிட்டு, கூட வந்தவரை விட்டு ஹெல்மெட்டோட பின் கீழ் விளிம்பைப் பிடிச்சு முன்பக்கமா மேல உருட்டித் தூக்கச் சொல்லுங்க. தலையை விட்டு உருண்டு கழண்டு வந்துச்சுன்னா, எவ்வளவு விலை கொடுத்தாலும் அது உங்களுக்கு இல்ல. விபத்துல முதல் மோதல்லயே ஹெல்மெட் எகிறிப் போறது இப்படித்தான். ரெண்டாவது அடி வெறும் தலைக்கு.

கடைக்காரர் "ஃப்ரீயா இருந்தாத்தான் சார் காத்து போகும்"னு ஒரு சைஸ் பெருசைத் தள்ளப் பாப்பார். கேக்காதீங்க. கன்னத்து பேட் ஒரு மாசத்துல தானா அமுங்கிக் கொஞ்சம் தளரும். அதனால புதுசுல சௌகரியமா இருக்குறது ஆறு மாசத்துல தொளதொளன்னு ஆயிடும். 80ல போறப்ப காத்து அதைத் தூக்கும். பின்னாடி வண்டி பாக்கத் திரும்பினா ஹெல்மெட் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்.

டார்க்_ரெஞ்ச்:
பிஸ்டன் அண்ணன் சைஸைச் சொல்லிவிட்டார். நான் முத்திரைக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் வருகிறேன்.

அடியைத் தாங்குவது வெளி ஓடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓட்டின் வேலை அடியைப் பரப்புவது, கூரான பொருள் உள்ளே இறங்காமல் தடுப்பது. தலையை நிதானமாக நிறுத்துவது அதற்கு அடியில் இருக்கும் ஈபிஎஸ், அதாவது அடர்த்தியான தெர்மோகோல். கணக்குப் போட்டுப் பாருங்கள். சோதனைக்கூடத்தில் போடும் வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர், மணிக்கு 27 கி.மீ. இந்த வேகத்தில் வரும் தலை 25 மி.மீ. தூரத்தில் நின்றால் சராசரியாக 115 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 115 மடங்கு. அதே தலை 3 மி.மீ. ஸ்பாஞ்சில் நின்றால் 950 ஜிக்கு மேல். ஈசிஈ சோதனையில் உச்ச வரம்பே 275 ஜிதான். ரோட்டோரத்தில் 300 ரூபாய்க்குத் தொங்கும் ஹெல்மெட்டின் துணியை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்கும் மட்டுமே இருக்கும், அல்லது பெயருக்கு ஒரு மெல்லிய தெர்மோகோல்.

27 கி.மீ. வேகம்தானா என்று கேட்க வேண்டாம். அது வண்டியின் வேகம் அல்ல, தலை எதிரே உள்ள பரப்பில் நேராக மோதும் வேகம். கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

ஐஎஸ்ஐ பற்றி: இந்தியத் தர எண் ஐஎஸ் 4151. 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை நம் நாட்டில் தயாரிப்பதோ விற்பதோ குற்றம். ஆகவே வெளிநாட்டு முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இங்கே சட்டத்துக்குப் போதாது. முத்திரையின் மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை தரும் அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் ஆப்பில் உரிமம் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். பெயர் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, எண்ணே இல்லாமல் வெறும் ஐஎஸ்ஐ சின்னம் மட்டும் இருந்தாலோ போலி. கடையில் நின்றுகொண்டே செய்யலாம், ஒரு நிமிட வேலை.

ஈசிஈ கட்டாயம் இல்லை. ஆனால் ஹைவே போகிறவர் ஐஎஸ்ஐ, ஈசிஈ இரண்டும் உள்ளதாகப் பார்ப்பது நல்லது. புதிய 22.06 விதியில் 7.5 போக 6.0, 8.2 மீட்டர் வேகங்களிலும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். 45 டிகிரி சாய்ந்த பரப்பில் உரசி மோதும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் அளக்கிறார்கள். மூளைக் காயத்தில் இந்தச் சுழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு, பழைய 22.05ல் இந்த அளவீடு கிடையாது. தாடை ஸ்ட்ராப்பில் தைத்திருக்கும் சின்னத் துணி லேபிளில் ஒப்புதல் எண் 06 என்று தொடங்கினால் புதியது, 05 என்றால் பழையது. வட்டத்துக்குள் ஈ9 என்றால் ஸ்பெயின், ஈ3 என்றால் இத்தாலி. ஒப்புதல் தந்த நாடு அது, தயாரான நாடு அல்ல.

பின்னால் டாட் என்று அமெரிக்கத் தர ஸ்டிக்கர் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்க முறையில் தயாரிப்பாளரே தன் சரக்குக்குச் சான்று சொல்லிக்கொள்வார். தவிர, அந்த ஸ்டிக்கர் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது.

சைடு_ஸ்டாண்டு:
ஃப்ளிப் அப் பத்தி யாரும் சொல்லல. கண்ணாடி போடுறவருக்கு அதான் ப்ரோ வசதி. ஃபுல் ஃபேஸ்ல ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழட்டி, ஹெல்மெட் மாட்டி, திரும்பக் கண்ணாடியைச் சொருகணும். ஃப்ளிப் அப்ல தூக்கினா முடிஞ்சுது. பெட்ரோல் பங்க்ல, டோல்ல, டீக்கடையில கழட்டவே வேணாம். சிக்னல்ல தூக்கிவிட்டா காத்தும் வரும்.

டார்க்_ரெஞ்ச்:
வசதி உண்மைதான், ஆனால் 4000 ரூபாயில் எனக்கு உடன்பாடில்லை. கீல், பூட்டு எல்லாம் சேர்ந்து எடை 1.6லிருந்து 1.8 கிலோ வரை போகும். நல்ல ஃபுல் ஃபேஸ் 1.3லிருந்து 1.5க்குள் நிற்கும். ஹைவேயில் இரண்டு மணி நேரம் போனால் கழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியும். இன்னொன்று, மலிவு ஃப்ளிப் அப்பில் தாடைப் பூட்டு பிளாஸ்டிக் கொக்கியாக இருக்கும், அது தேயும். வாங்குவதானால் இரும்புப் பூட்டா என்று பாருங்கள். ஈசிஈ லேபிளில் பி, ஜே இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால்தான் மூடியும் திறந்தும் ஓட்டச் சோதித்தது. ஜே மட்டும் இருந்தால் தாடைப் பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லவில்லை. என்.பி. என்றால் அந்தத் தாடைப் பகுதி வெறும் அலங்காரம்.

சிக்னலில் தூக்குவது சரி. தூக்கியபடியே ஓட்டுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறோமே.

நூத்தம்பது_சிசி:
நன்றி அண்ணா, நன்றி ப்ரோ. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் ரெண்டு ஃபுல் ஃபேஸ் போட்டுப் பாத்தேன். முதல்ல பாத்தது 590-600 சைஸ். கன்னம் சரி, உருட்டிப் பாத்தா கழளல. ஆனா பத்து நிமிஷத்துல நெத்தி நடுவுல வலி. ரெண்டாவதுல நெத்தி ஓகே, நெத்திப்பொட்டு ரெண்டுலயும் லேசா அழுத்தம். ஒரு சைஸ் பெருசு போனா சரியாகுமா? அப்புறம் ஸ்ட்ராப், வைசர் பத்தியும் சொல்லுங்க.

பழைய_பிஸ்டன்:
பெருசு போகாதீங்க தம்பி. இது தலை வடிவம் சம்பந்தப்பட்டது, சைஸ் இல்ல. நெத்தி நடுவுல மட்டும் வலிச்சா, ஹெல்மெட்டோட உள்வடிவம் உங்க தலையைவிட உருண்டை. உங்க தலை முன்பின்னா நீளம். பொட்டுல, காதுக்கு மேல அழுத்துச்சுன்னா அதுக்கு நேர் எதிர். கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலகூட மாடலுக்கு மாடல், இந்த வடிவம் மாறும். நெத்தியை அழுத்துற ஹெல்மெட்ல ஒரு சைஸ் ஏத்தினா வலி போகும், ஆனா பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சிடும்.

ரெண்டாவதை இன்னொரு தடவை கண்ணாடியோட 20 நிமிஷம் போட்டு உக்காருங்க. பொட்டு அழுத்தம் பல நேரம் கண்ணாடிக் காம்பாலதான் வரும், தடிச்ச ஃப்ரேமா இருந்தா இன்னும் மோசம். மெல்லிசா, நேரான காம்பு இருக்கற ஃப்ரேம் ஹெல்மெட்டுக்குள்ள சுலபமா நுழையும். சில மாடல்ல காம்புக்குன்னே கன்னத்து பேட்ல ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க. கழட்டினதும் கண்ணாடியில முகத்தைப் பாருங்க. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி லேசா சிவந்திருந்தா நல்ல பொருத்தம். ஒரே புள்ளியில அடர் சிவப்பா இருந்தா அது நாளடைவுல பழகாது. துணியும் ஸ்பாஞ்சும்தான் தளரும், அடியில இருக்கற தெர்மோகோல் தளராது. கட்டை விரலால அமுக்கி, ஸ்பூனால தட்டி இடம் பண்ற ஆளுங்க இருக்காங்க. அந்த இடத்துல அது அடி வாங்கி முடிஞ்ச தெர்மோகோல்னு அர்த்தம்.

சைடு_ஸ்டாண்டு:
ஸ்ட்ராப்புக்கு நான் சொல்றேன். டபுள் டி ரிங் ஒவ்வொரு தடவையும் உங்க கழுத்துக்குத் தகுந்த மாதிரி இறுகும், உடைய ஒண்ணுமே இல்ல. ஆனா க்ளவுஸ் போட்டுட்டு மாட்டுறது எரிச்சல். பல்லுப் பல்லா நகர்ற மைக்ரோமெட்ரிக் பக்கிள் சிட்டிக்குத் தாராளமா போதும். அதுல நடக்கற தப்பு, வாங்கின அன்னிக்கு வச்ச நீளத்தை அப்புறம் யாரும் தொடுறதில்ல. பேட் அமுங்கினதும் ஸ்ட்ராப் தொங்கும். தாடைக்கு அடியில ஒரு விரல், மிஞ்சினா ரெண்டு விரல் நுழையணும், அவ்வளவுதான். ஸ்ட்ராப் மாட்டாம சும்மா கவுத்துட்டுப் போறது சட்டத்துலயும் ஹெல்மெட் போட்டதா ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129 தலையோட கட்டியிருக்கணும்னுதான் சொல்லுது. 194டி படி 1000 ரூபாய் அபராதம், மூணு மாசம் லைசென்ஸும் முடங்கலாம்.

கறுப்பு வைசர் வாங்காதீங்க. ஆபீஸ் முடிஞ்சு இருட்டுல வரீங்க, எதிர்ல ஹை பீம், பள்ளமும் நாயும் தெரியாது. கிளியர் வைசர், கூடவே உள்ள இறக்குற சன் வைசர் இருந்தா நல்லது. ஆனா சன் வைசருக்கு இடம் விட நெத்திப் பக்கம் தெர்மோகோலைக் குடைஞ்சிருப்பாங்க. அதனால அந்த மாதிரி ஹெல்மெட்ல ஈசிஈ லேபிள் இருக்கான்னு கூடுதலா பாருங்க.

மழைக்கு: வைசர்ல உள்பக்கம் ரெண்டு சின்ன ஊசி மாதிரி பின் இருந்தா பின்லாக் ஃபிலிம் மாட்டலாம், பனி பிடிக்காது. பவர் கண்ணாடியில படியற மூச்சுக்கு அது உதவாது. அதுக்கு மூக்குக்கிட்ட மூச்சைக் கீழ திருப்புற ப்ரெத் கார்டு இருக்கணும், வைசரை ஒரு கட்டம் மட்டும் திறந்து விடணும்.

நூத்தம்பது_சிசி:
ரெண்டாவதையே மெல்லிசு ஃப்ரேம் போட்டு 20 நிமிஷம் பாத்தேன், அழுத்தம் இல்ல. ஐஎஸ்ஐயும் ஈசிஈயும் இருக்கு, 06தான். உரிம எண் ஆப்ல சரியா வந்துச்சு. தயாரிப்புத் தேதி மட்டும் ஒன்றரை வருஷம் பழசு. வாங்கலாமா? பராமரிப்பு ஏதாவது?

டார்க்_ரெஞ்ச்:
பெட்டிக்குள்ளேயே இருந்த சரக்கு என்றால் ஒன்றரை வருடம் பிரச்சினை இல்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். வெயில் படும் ஷோகேஸில் வைத்திருந்த பீஸ் என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பயன்படுத்தத் தொடங்கி ஐந்து வருடம் என்பது பொதுவான ஆயுள். தினமும் வியர்வையில் ஊறும் சென்னைத் தலைக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரலாம். தலையோடு அடிபட்டால் அன்றே கடைசி, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். ஈபிஎஸ் ஒரு முறைதான் நசுங்கும், திரும்ப உப்பாது. கையிலிருந்து வெறுமனே இடுப்பு உயரத்தில் விழுந்தால் பொதுவாகப் பயமில்லை, விரிசலும் பூட்டும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைசரைப் பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதாலும் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் மங்கும், நுண்ணிய விரிசல் விடும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் கையால் தடவிக் கழுவுங்கள். காய்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால்தான் கீறல் விழுகிறது. லைனரைக் கழற்றி ஷாம்பு தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உள்ளே ஒரு பருத்தித் தலையுறை போட்டால் துவைக்கும் வேலை பாதியாகும்.

பழைய_பிஸ்டன்:
சைடு மிரர்ல தொங்க விடாதீங்க. மிரர் முனை உள்ள தெர்மோகோல்ல குழி பறிக்கும். ஓட்டுல பெரிய ஸ்டிக்கர், பெயின்ட் வேலையும் வேணாம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஓட்டை அந்தப் பசையும் தின்னரும் பலவீனமாக்கும்.

பின்னாடி உக்கார்றவங்களுக்கும் இதே சைஸ் சோதனையைப் பண்ணுங்க. 129 அவங்களுக்கும் பொருந்தும். நாலு வயசு தாண்டின பிள்ளைக்கு சின்ன சைஸ்ல ஐஎஸ்ஐ போட்டதே கிடைக்குது. பெரியவங்க ஹெல்மெட்டைக் கவுத்து ஸ்ட்ராப்பை இறுக்கி ஒப்பேத்த வேணாம். வாங்கிட்டு எந்த மாடல்னு இங்க போடுங்க தம்பி, தலை முன்பின்னா நீளமா இருக்கறவங்க இன்னும் ரெண்டு பேர் இதே கேள்வியோட காத்திருக்காங்க.