உளவியல் + ஆன்மிகம் சேர்ந்த முதுகலை: எதில் சேரலாம், எதைத் தொடவே கூடாது?

நொய்யல்கரை:
பி.காம். முடித்து எட்டு வருட வேலை அனுபவம். மனவளக்கலையில் ஆசிரியர் பயிற்சி வரை முடித்தாயிற்று. அடுத்து முறையான முதுகலைப் பட்டம் வேண்டும். இப்போது கையில் இருப்பவை மூன்று: அமெரிக்க முகவரி போட்ட ஓர் இணையப் பல்கலையின் "ஹோலிஸ்டிக் சைக்காலஜி" (முதுகலையும் டாக்டர் பட்டமும் சேர்த்து 14 மாதம்), தொலைதூர எம்.எஸ்சி. உளவியல், எம்.எஸ்சி. யோகா. கவுன்சலிங் அறை போட்டு உட்கார வேண்டும், முடிந்தால் கல்லூரியில் பாடமும் எடுக்க வேண்டும் என்பது ஆசை. எது சரிப்படும்?

தாழைமடல்:
முதலாவதை இன்றே அழித்துவிடுங்கள். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதை 1956-ம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22-ம் பிரிவு சொல்லிவிடுகிறது. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்த நாட்டில் அங்கீகாரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளம் இலவசம். பல்கலையின் பெயரைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த வகை நிறுவனங்களில் பல, மத அமைப்புகளுக்கு மாநில அரசுகள் தரும் விலக்கில் ஓடுபவை. அது சட்டமீறல் இல்லை. ஆனால் அவை தருவது சமயப் பட்டம், உளவியல் பட்டம் இல்லை. இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் அதை எழுதியும் வைத்திருப்பார்கள். "சர்வதேச அங்கீகாரம்" என்று ஒரு முத்திரை இருந்தால், அந்த முத்திரையைக் கொடுத்தவரை யார் அங்கீகரித்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்படும். ஏட்டுச் சுரைக்காய்.

இரண்டாவது வழி அடைபட்டுவிட்டது. 2021-ல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலும் இருப்பதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைதூர, இணைய வழிகளில் உளவியல் நடத்தக் கூடாதென யுஜிசி நிறுத்திவிட்டது. இனிமேல் யாராவது "தொலைதூர உளவியலில் சீட் இருக்கு" என்றால், பணம் கட்டும் முன் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலையும் அந்தப் பாடமும் அந்தப் பருவமும் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பல்கலையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

உங்களுக்கு ஏற்றது கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் இரண்டாண்டு எம்.எஸ்சி. உளவியல். பி.காம். காரரை எடுப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அதை முடித்தாலும் "மருத்துவ உளவியலாளர்" என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்சிஐ) பதிவு வேண்டும். இதுவரை அந்தப் பதிவுக்கான பெருவழி இரண்டாண்டு எம்.ஃபில். தான், அதற்கு யுஜிசி கொடுத்த நீட்டிப்பு 2025-26 வரை. அடுத்து எந்தப் படிப்புகள் என்பதற்கு ஆர்சிஐ தளத்தில் இருக்கும் பட்டியலை மட்டும் நம்புங்கள், கல்லூரி விளம்பரத்தை அல்ல.

ஏழாம்சுவை:
யோகா பக்கம் பற்றி. தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலையில் எம்.எஸ்சி. யோகா இருக்கு, பெங்களூரு எஸ்-வியாசாவிலும் இருக்கு. நல்ல படிப்புதாங்க. ஆனா பாடம் எடுக்கணும்னா, உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுல யோகாவுக்குப் பாட எண் 100, உளவியலுக்கு 04. யோகாவுல முதுகலை முடிச்சிட்டு உளவியல் துறையில உதவிப் பேராசிரியர் ஆகலாம்னு கணக்குப் போடாதீங்க. ரெண்டுக்குமே முதுகலையில 55% வேணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50%).

இன்னொண்ணு. உளவியல் எடுத்தா ஆன்மிகம் போயிடும்னு பயப்படவும் வேண்டாம். நெட் உளவியல் பாடத்திட்டத்தோட முதல் அலகே கீழை மரபுச் சிந்தனையிலதான் ஆரம்பிக்குது: பகவத் கீதை, பௌத்தம், சூஃபி, ஒருங்கிணைந்த யோகம். பலர் இதைத் தள்ளிவெச்சுட்டு மேலை உளவியலின் முன்னோடி வுண்டிலிருந்து படிக்க ஆரம்பிச்சு மார்க்கை விடுறாங்க.

வெண்மணல்:
வெளிநாடு யோசிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. இந்தத் துறைக்கென்றே உருவான நிறுவனங்கள் அமெரிக்காவில் சில உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா ஒருங்கிணைந்த கல்வி நிறுவனம் 1968-ல் தொடங்கியது; நிறுவியவர் அரவிந்தர் மரபில் வந்த ஹரிதாஸ் சௌதுரி. அதாவது புதுச்சேரியில் விளைந்த ஒரு சிந்தனைதான் அதன் வேர். கொலராடோவின் நரோபா 1974-ல் பௌத்தப் பின்னணியில் வந்தது. கடந்தநிலை (டிரான்ஸ்பர்சனல்) உளவியலுக்கென 1975-ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சோஃபியா பல்கலை.

அங்கேயும் பட்டம் வேறு, உரிமம் வேறு. கலிஃபோர்னியாவில் திருமண-குடும்ப சிகிச்சையாளர் உரிமத்துக்கு 60 செமஸ்டர் யூனிட் கொண்ட பட்டம், மேற்பார்வையில் 3,000 மணி நேரம், அதுவும் குறைந்தது 104 வாரங்களில். அதில் 1,750 மணியாவது நேரடி ஆலோசனையாக இருக்க வேண்டும். அந்த 1,750-லும் 500 மணி தம்பதியர், குடும்பங்கள், குழந்தைகளுடன். இந்த 500-ல்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தனிநபர்களை மட்டும் பார்க்கும் மையத்தில் சேர்ந்தால் மொத்த மணி நிரம்பிவிடும், இது நிரம்பாது. ஒரே வளாகத்தில் உரிமத்துக்கு இட்டுச்செல்லும் பட்டமும் இட்டுச்செல்லாத பட்டமும் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கும். "உணர்வுநிலை", "பிரபஞ்சவியல்" என்று பெயரிலேயே மயக்குபவை பெரும்பாலும் இரண்டாவது வகை. அறிவுக்கு நல்ல விருந்து, அறை போட்டு உட்கார உதவாது.

நொய்யல்கரை:
மூவருக்கும் நன்றி. எம்.எஸ்சி. உளவியல் என்று முடிவு. ஆய்வேட்டுக்கு இப்போதே ஒரு யோசனை: எங்கள் மன்றத்தில் தியானம் கற்பவர்கள் 30 பேரை எடுத்து, எட்டு வாரத்துக்கு முன்னும் பின்னும் மன அழுத்தம் அளப்பது. தேறுமா?

தாழைமடல்:
இந்த வடிவத்தில் தேறாது. அளவு குறைந்தாலும் அது தியானத்தால்தான் என்று சொல்ல வழியில்லை. மனசு மிகவும் கனத்த நாளில்தான் ஆட்கள் மன்றத்துக்கு வருவார்கள். எட்டு வாரத்தில் எதுவும் செய்யாமலே கொஞ்சம் தணியும். போதாக்குறைக்குக் கற்றுக்கொடுப்பவரே கேள்வித்தாளையும் நீட்டினால், "குருவுக்குக் குறை வைக்கக் கூடாது" என்று நல்ல மதிப்பெண்ணாகப் போட்டுத் தருவார்கள். தாளை வேறொருவர் கொடுத்து வாங்கட்டும். அடுத்த தொகுதியில் சேரக் காத்திருப்பவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வையுங்கள். நடுத்தர விளைவை 80% வாய்ப்புடன் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் நிற்பார் என்று வைத்தால் குழுவுக்கு 80 பேரைச் சேர்க்க வேண்டும். அத்தனை பேர் கிடைக்காவிட்டால் பேட்டி வழி ஆய்வாக மாற்றுங்கள். 12 பேரிடம் ஆழமாகப் பேசிய ஏடு, 30 பேரின் ஆட்டம் காணும் டி-மதிப்பைவிட மேல்.

இது பயிற்சி கொடுத்து அளக்கும் ஆய்வு. எனவே நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு அடுத்து, அதன் பிறகே முதல் ஆளைச் சேர்ப்பது. முதல் ஆள் வந்த பிறகு பதிவுக்குப் போனால் இதழ்கள் திருப்பி அனுப்பும். உளப்பிளவு, பித்துநிலை வரலாறு உள்ளவர்களைச் சேர்க்காதீர்கள். வாரா வாரம் "பயிற்சிக்குப் பின் தூக்கம் கெட்டதா, பயமோ தன்னிலிருந்தே விலகிப்போன உணர்வோ வந்ததா?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். தியானத்துக்குப் பக்கவிளைவே கிடையாது என்று எழுதுகிற ஆய்வேடு, கேட்காமல் விட்ட ஆய்வேடு. ஆம் என்பவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி-மனஸ் 14416 எண்ணைத் தாளிலேயே அச்சிடலாம்.

மொழிபெயர்ப்பில்தான் பெரிய பள்ளம். "மைண்ட்ஃபுல்னெஸ்" என்பதற்கு "விழிப்புணர்வு" என்று போட்டால், நம் ஆட்களுக்குச் சாலைப் பாதுகாப்புப் பேரணிதான் ஞாபகம் வரும். "ஆன்மிகம்" என்றால் வெள்ளிக்கிழமைக் கோயில். "சும்மா இருத்தல்" சித்தர் பாட்டில் பெரிய சொல், கேள்வித்தாளில் சோம்பேறித்தனம். தமிழாக்கியதை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் மறுபடி ஆங்கிலமாக்கட்டும். பிறகு பத்துப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் "என்ன புரிஞ்சுது?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏழாம்சுவை:
கணக்குல ரெண்டு இடம் சறுக்கும். கவனநிலை அளக்கிற 15 வரி எம்ஏஏஎஸ் தாள்ல எல்லா வரியுமே கவனக்குறைவைப் பத்தித்தான் இருக்கும். அதனால "திருப்பிப் போடணும்"னு கை பரபரக்கும். வேண்டாம். அதுல 1-ன்னா "கிட்டத்தட்ட எப்பவும்", 6-ன்னா "கிட்டத்தட்ட எப்பவுமே இல்லை". திருப்புற வேலை அந்த அளவுகோல்லயே முடிஞ்சிடுச்சு, சராசரி எடுத்தா போதும். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூணையும் 21 வரியில அளக்கிற டாஸ்-21 நேர்மாறு: ஒவ்வொரு பிரிவோட 7 வரியையும் கூட்டி 2-ஆல பெருக்கணும், ஏன்னா இயல்பு எது, அதிகம் எதுன்னு பிரிக்கிற வெட்டுப்புள்ளிகள் 42 வரி மூலத்தாளுக்குப் போட்டது. பெருக்க மறந்தா மன அழுத்தப் பிரிவுல 20 வரவேண்டிய ஆள் 10-ல நிப்பார், 14 வரைக்கும் இயல்புன்னு இருக்கறதால அட்டவணையில அவரும் "இயல்பு"ன்னு வந்துடுவார்.