பாரிஸ் டூர் தார்ஜான்: 1582 நிஜமா, கட்டுக்கதையா?

கடலூரான்: பயணக் குழுவில் ஒரு பதிவு. பாரிஸின் டூர் தார்ஜான் உணவகம் 1582 முதல் நடக்கிறதாம், மூன்றாம் ஹென்றி மன்னர் முள்கரண்டியை முதலில் பார்த்ததே அங்கேதானாம். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1582க்கு ஆதாரம் எங்கே?

செட்டிநாட்டு_செல்வி: எழுதியது நான்தான் அண்ணே. அந்த உணவகமே 1582 என்றுதான் சொல்லிக்கொள்கிறது. மேல்மாடியில் உட்கார்ந்தால் கீழே சேன் நதி, எதிரே நோத்ர்தாம் தேவாலயம். அனுபவித்தவள் சொன்னால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

கடலூரான்: நதியைப் பற்றி யார் கேட்டது? 1582க்கு ஒரே ஒரு பழைய ஓலை காட்டுங்கள். எங்கள் தெருமுனை அல்வாக் கடையும்தான் 'பாரம்பரியம்' என்று பலகை மாட்டியிருக்கிறது.

பாரிஸ்_பாலா: அங்கே பேர்போன வாத்துக் கறியை விட்டுவிட்டீர்களே! 1890இல் அந்த உணவகத்தின் ஃபிரெடெரிக் தெலேர் ஒவ்வொரு வாத்துக்கும் எண் போட ஆரம்பித்தார். சாப்பிடுகிறவர் கையில் அந்த எண் போட்ட அட்டை தருவார்கள். 2003இல் பத்து லட்சத்தைத் தொட்டது. நெஞ்சுக்கறியை அறுத்தெடுத்த பிறகு எலும்புக்கூட்டைப் பிழியும் கருவியில் வைத்துத் திருகுவார்கள். வடிகிற ரத்தத்திலும் சாறிலும் ஈரலும் கோன்யாக் பிராந்தியும் சேர்த்தால் குழம்பு தயார்.

கடலூரான்: 1890 என்றால் 1890 என்றே எழுதலாமே! மிச்சம் 308 வருடம் எங்கிருந்து முளைத்தது?

சைவப்பிள்ளை: ரத்தக் குழம்பா? சிவ சிவா.

பாரிஸ்_பாலா: ஊரில் ஆட்டு ரத்தப் பொரியலுக்கு வரிசையில் நிற்கவில்லையா? பாரிஸ்காரன் செய்தால் மட்டும் சிவ சிவாவா?

சைவப்பிள்ளை: நான் எந்த வரிசையிலும் நின்றதில்லை. பெயரைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

செட்டிநாட்டு_செல்வி: அண்ணனுக்கு இது 1582 கோபமே இல்லை. காபியில் சிக்கரி கலக்கலாமா என்ற சண்டையில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அந்தக் கடுப்பு.

கடலூரான்: சிக்கரியிலும் நான் சொன்னதுதான் சரி. பேச்சை மாற்றாதே தங்கச்சி. உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் சொல்வது மாட்ரிட்டின் பொட்டின் உணவகத்தை. ஆண்டு 1725. உங்கள் 1582 உண்மையானால் பட்டம் ஏன் அங்கே போனது?

தேவி_க: உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷ்லான் வழிகாட்டி டூர் தார்ஜானுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தது. 1996இல் ஒன்றைப் பிடுங்கினார்கள், 2006இல் இன்னொன்று. இந்தக் கடைக்கா இவ்வளவு சண்டை?

செட்டிநாட்டு_செல்வி: நட்சத்திரத்தையா சாப்பிடுகிறோம்? 1940இல் ஜெர்மன் படை வந்தபோது பாதாள அறையில் சுவர் எழுப்பி நல்ல ஒயினை ஒளித்து வைத்தவர்கள் அவர்கள். அந்தத் துணிச்சலுக்கு மிஷ்லான் என்ன கொடுக்கும்?

கடலூரான்: 1940ஐ யார் மறுத்தது? 1582! 1582! ஆயிரம் முறை கேட்டாலும் ஒயின், வாத்து, நதி. கேட்டதற்கு மட்டும் பதில் வராது.

செட்டிநாட்டு_செல்வி: போய்ச் சாப்பிடாதவருக்கு எத்தனை ஓலை காட்டினாலும் வீண்.

கடலூரான்: ஓ, வாத்துக் காலைக் கடித்தால் சரித்திரம் தெரிந்துவிடுமோ?

தேவி_க: பாலா, நீங்கள் அங்கே சாப்பிட்டிருக்கிறீர்களா, வாசலோடு சரியா?

பாரிஸ்_பாலா: அந்த விலைக்குப் பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல்லில் ஒரு மாதம் கொத்துரொட்டி சாப்பிடுவேன். அதற்காக வாத்தைப் பற்றிப் பேசக் கூடாதா?

சைவப்பிள்ளை: அங்கே சைவம் கிடைக்குமா என்று யாராவது சொல்லுங்களேன்.