கிரிக்–ஜெலி மலைப்பாதையில் இயற்கைக் காட்சியும் விலங்குகளும் படமெடுக்க: வழி சொல்லுங்கள்

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 31 மலேசியத் தேசிய நாள் விடுமுறையை ஒட்டி நானும் தம்பியும் எங்கள் மைவி காரில் இரண்டு இரவுப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி, ஜெலி, குவா மூசாங், லோஜிங் வழியே கேமரன் மலைக்கு வந்து, சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி வீடு திரும்புவதாக எண்ணம். என்னிடம் 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான் உள்ளது. யானையும் இருவாட்சிப் பறவையும் படத்தில் கிடைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இத்திட்டம் சரிவருமா?

மலைச்சாரல், கிரிக்

தம்பி, வழி அழகானதுதான். ஆனால் இரண்டு இரவுக்குள் இத்தனை ஊரைச் சுற்றினால் நீங்கள் சாலையைத்தான் பார்ப்பீர்கள். கேமரனை வேறொரு விடுமுறைக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டு இரவும் அந்த நெடுஞ்சாலை கடந்து செல்லும் தெமெங்கோர் ஏரியின் பண்டிங் தீவிலேயே தங்குங்கள். மலேசியத் தீபகற்பத்தில் உள்ள பத்து வகை இருவாட்சிகளும் பெலும்–தெமெங்கோர் காட்டில் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு வகை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பெருங்கூட்டமாகப் பறக்கும் என்பதால் நீங்கள் தேர்ந்த காலம் மிகப் பொருத்தமானது. அதன் தொண்டைப் பையில் கருங்கோடு இருக்காது. அதைப் போலவே தோன்றும் இன்னொரு வகைக்குக் கோடு உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

விடியற்காலையிலும் அந்தி சாயும் முன்னும் ஏரியைப் பார்த்து நில்லுங்கள். பெரிய இருவாட்சிகளைக் கண்ணால் காணும் முன்பே, நீராவி ரயில் மூச்சு விடுவதைப் போன்ற சிறகோசை காதில் விழும். ஷட்டர் வேகம் 1/2000 இருக்கட்டும். வெளிறிய வானத்துக்கு எதிரே பறவை கரிய நிழலாகிவிடாமல் இருக்க, எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். 300 மி.மீ.யில் தனிப்பறவை சிறிதாகத்தான் விழும். ஆகவே மலைமுகட்டையும் மூடுபனியையும் சேர்த்துக் கூட்டமாக எடுங்கள். என் கண்ணுக்கு அதுவே சிறந்த படம்.

நெடுஞ்சாலை, ஜெலி

யானையைப் பற்றி நான் சொல்கிறேன். 1982-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை யானைகளின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. வெயில் படும் சாலையோரத்தில் செழித்து வளரும் புல்லையும் இளஞ்செடிகளையும் தின்ன அவை வருகின்றன, அதுவும் பெரும்பாலும் இரவில். ஆகையால் இருட்டிய பிறகு யானையைத் தேடிக் கார் ஓட்டவே வேண்டாம். பகலில் எதிர்ப்பட்டால் வெகு தூரத்திலேயே நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், பின்வாங்க இடம் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் இருந்தே எடுங்கள். ஹாரனும் பிளாஷும் கூடாது. காரை விட்டு இறங்குவது எக்காரணத்தாலும் கூடாது. குட்டியோடு நிற்கும் தாயை விட ஆபத்தான விலங்கு இந்தச் சாலையில் இல்லை.

கிரிக்கிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். சாலை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் வரை ஏறுவதால் காலையில் பனி அடர்ந்திருக்கும். வளைவுகளில் நிறுத்தாமல் ஓய்விடங்களில் மட்டும் நிறுத்துங்கள்.

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

மிக்க நன்றி அண்ணா. கேமரனை விட்டுவிட்டோம். படகில் ரோயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குப் போக முன்னேற்பாடு ஏதும் தேவையா?

மலைச்சாரல், கிரிக்

நுழைவு அனுமதி கட்டாயம் வேண்டும். படகை ஏற்பாடு செய்பவரிடமே அடையாள அட்டை விவரங்களை முன்கூட்டி அனுப்பினால் அவரே வாங்கித் தருவார். விடுமுறைக் கூட்டம் இருக்கும், இப்போதே பேசுங்கள். இன்னொன்று: குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். நிறுத்துவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏர்கோனை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.