மறு: 'டிரையல் பிஸ்டல்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

> பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் 'டிரையல் பிஸ்டல்' என்கிறார்கள். 'சோதனைத் துப்பாக்கி' என்று போட்டால் போதாதா?

போதாது என்பேன். டிரையல் பிஸ்டல் என்பது, ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் படை முயன்று பார்த்த கைத்துப்பாக்கி. துப்பாக்கி விஷயத்தில் 'சோதனை' ஏற்கெனவே வேறொரு வேலை பார்க்கிறது. பட்டறையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் கூடுதல் மருந்து நிறைத்த தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவார்கள். அதையும் சோதனை என்றுதான் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ஏல அறிவிப்பைத் தமிழில் படிப்பவர் குழம்பிப்போவார்.

அமெரிக்கப் படையின் 45 காலிபர் (அதாவது 0.45 அங்குலக் குழல் விட்டம்) கதையைப் பாருங்கள். 1907-இல் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் ஒரு குழு உட்கார்ந்து கோல்ட், சாவேஜ், லூகர், பெர்க்மன் முதலிய பெயர்களில் வந்த கைத்துப்பாக்கிகளையும் சில சுழல்துப்பாக்கிகளையும் (ரிவால்வர்) சுட்டுப் பார்த்தது. இது முதல் கட்டம். கோல்ட்டிலும் சாவேஜிலும் 200 வீதம் வாங்கி, படைவீரர்களிடமே கொடுத்துப் பார்க்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. சாவேஜ் முதலில் தயங்கியது. அந்த இடத்துக்கு லூகரை அழைத்தார்கள். லூகரைச் செய்த ஜெர்மன் நிறுவனம் 1908-இல் விலகிக்கொள்ள, மறுபடி சாவேஜே வந்தது. அப்புறம் அந்தத் துப்பாக்கிகள் குதிரைப்படை வீரர்களின் இடுப்பில் ஏறின. புழுதி, வியர்வை, சேணத்தில் உரசல் எல்லாவற்றையும் பட்டு எப்படி நிற்கிறது என்று பார்ப்பது இரண்டாம் கட்டம்.

சேகரிப்பாளர் 'டிரையல்' என்று மதித்துப் பணம் கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான். அதற்கு நம்மிடம் கச்சிதமான சொல் ஏற்கெனவே இருக்கிறது: தகுதிகாண். அரசு வேலையில் சேர்ந்தவர் தகுதிகாண் பருவத்தில் மேசையில் உட்கார்ந்து முழு வேலையும் பார்க்கிறார், ஆனால் பணி இன்னும் உறுதியாகவில்லை. அந்த 400 துப்பாக்கிகளின் நிலையும் அதுவே. எனவே என் பரிந்துரை: தகுதிகாண் கைத்துப்பாக்கி.

> 'வெள்ளோட்டம்' இதைவிட அழகான சொல் ஆயிற்றே?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளோட்டம் விடுகிற தேர் எப்படியும் திருவிழாவில் ஓடப்போகிற தேர். ஓடாத தேருக்கு யாரும் வெள்ளோட்டம் விடுவதில்லை. இங்கே பாதிக்குப் பாதி நிராகரிக்கப்பட்டவை. 1911 மார்ச்சில் நடந்த கடைசிப் போட்டியில் ஆளுக்கு 6,000 தோட்டா. கோல்ட் ஒருமுறைகூடச் சிக்காமல் சுட்டு முடித்தது. சாவேஜ் 37 இடங்களில் தடுமாறியது. அதே மாதம் 29-ஆம் தேதி கோல்ட்டை ஏற்றுக்கொண்டு 'எம் 1911' என்று பெயர் வைத்தார்கள்.

தோற்ற சாவேஜ்களைப் படை ஏலத்தில் தள்ளிவிட்டது. பெரும்பகுதியை சாவேஜ் நிறுவனமே திரும்ப வாங்கி, சரிசெய்து, துருப்பிடிக்காமல் காக்கும் நீலப்பூச்சைப் புதிதாக ஏற்றிப் பொதுமக்களுக்கு விற்றது. அதனால்தான் இன்று பழைய பூச்சோடு, முனை மழுங்காத முத்திரையோடு ஒன்று வந்தால் அவ்வளவு போட்டி. மறுபூச்சுக்கு முன் தேய்த்த இடத்தில் எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் லென்ஸை முதலில் அங்கேதான் வைப்பார்கள்.

> அப்படியானால் 45 காலிபர் லூகர்? அதுவும் டிரையல் பிஸ்டல் என்றுதானே சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. 2010-இல் ஒன்று 4,94,500 டாலருக்கு ஏலம் போனது, எனவே ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது குழுவின் மேசையோடு நின்றுபோனது. எந்தப் படைப்பிரிவின் கைக்கும் போகவில்லை. அதைத் தகுதிகாண் வகையில் சேர்ப்பது தவறு. தேர்வுக்கு வந்த கைத்துப்பாக்கி என்று தனியாகச் சொல்லலாம். மாறாக, 1901-இல் அமெரிக்கப் படை வாங்கிய 1,000 லூகர்கள், 7.65 மி.மீ. காலிபர், கழுகுச் சின்னம் போட்டவை, படையினரிடம் போனவை. அவை தயங்காமல் தகுதிகாண் வகை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நாம் பிரித்துச் சொன்னால் வாங்குபவருக்கு நல்லது.

> 'தகுதிகாண்க் கைத்துப்பாக்கி' என்று ஒற்று வராதா?

வராது. 'காண்' இங்கே வினைத்தொகையாக நிற்கிறது. ஊறுகாய், சுடுகாடு போல வல்லினம் மிகாது.

'முன்மாதிரி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது 'புரோட்டோடைப்'புக்கே இருக்கட்டும். 200 எண்ணிக்கையில் செய்து கொடுத்ததை முன்மாதிரி என்பது பொருந்தாது.

வேறு மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு சொற்களையும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். 'புரூஃப் மார்க்' பற்றித் தனி இழை தொடங்குவோம், அதற்கு 'வெடிச்சோதனை முத்திரை' என்பது என் முதல் முன்மொழிவு.