ராத்திரி சுகர் 128, காலையில் வெறும் வயிற்றில் 161. இது எப்படி?

திருவட்டாறு பையன்:
அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், சுகர் வந்து ஆறு வருஷம். நேற்று எட்டரைக்குக் கஞ்சியும் பயறும் குடித்தார், படுக்கும்போது விரலில் குத்திப் பார்த்தால் 128. நாலு மணிக்கு எழுந்து, கட்டன் சாயாகூடக் குடிக்காமல் போய், ஏழு மணிக்குத் திரும்பியதும் பார்த்தால் 161. மெஷின் கேடு என்கிறார் அப்பா. அம்மாவின் கண்ணோ அடுக்களையில் தொங்கும் ஏத்தன் வாழைக் குலையில். கணையம் இன்சுலின் சுரந்தால் சுகர் இறங்கும், சரி. ஏற்றுவது யார்?

லேப் அக்கா, தக்கலை:
அப்பாவைச் சந்தேகப்படாதீங்க தம்பி. ஏற்றுவதும் அதே கணையம்தான். அதற்குள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சின்னச் சின்ன செல் கூட்டங்கள் உண்டு, கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், மிச்சமெல்லாம் செரிமான நீருக்கு. திட்டில் பீட்டா செல் இன்சுலினை விடும், ஆல்ஃபா செல் குளுக்ககானை விடும். சாப்பிட்டு நேரமாகிவிட்டால் குளுக்ககான் போய்க் கல்லீரலைத் தட்டும், அது சேர்த்து வைத்த கிளைக்கோஜனை உடைத்து குளுக்கோஸாக ரத்தத்தில் விடும், இல்லையென்றால் ராத்திரி மூளைக்கு ஏது தீனி? ஆல்ஃபாவை அடக்கி வைப்பது பக்கத்தில் சுரக்கும் இன்சுலின். சுகர்காரர்களுக்கு அந்தப் பிடி தளர்ந்துவிடும், அதோடு விடியற்காலையில் கார்ட்டிசோல் என்று சுகரை ஏற்றுகிற இன்னொரு ஹார்மோனும் கூடும். மூன்று மணி நேரம் மரம் மரமாக நடந்து வந்த பிறகு பார்ப்பதும் சரியான கணக்கு இல்லை. எழுந்ததும் குத்திப் பாருங்க.

மரச்சீனியும் மீனும்:
அக்கா, சுகர் கூடினது பீட்டாவுக்கு எப்படித் தெரியும்? மூளை சொல்லுமா?

லேப் அக்கா, தக்கலை:
மூளையும் கொஞ்சம் தலையிடும், ஆனால் முக்கியமாக பீட்டாவே ருசி பார்த்துக்கொள்ளும். குளுக்கோஸ் உள்ளே போய் எரிந்தால் ஏடிபி என்கிற செல்லின் எரிபொருள் கூடும், செல்லின் மேலே உள்ள பொட்டாசியம் வாசல் அடைபடும், கால்சியம் வாசல் திறக்கும், பொதி பொதியாக இருக்கும் இன்சுலின் வெளியே கொட்டும். கிளிமிப்பிரைடு என்கிற சுகர் மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாசலைத்தான் சாத்துகிறது. சுகர் இல்லாவிட்டாலும் சாத்திவிடும், அதனால்தான் அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. மெட்பார்மின் வேறு வகை, அது கல்லீரல் விடுகிற குளுக்கோஸைக் குறைக்கும்.

திருவட்டாறு பையன்:
இன்று நாலு மணிக்கே பார்த்தோம், 139. டாக்டரிடம் இரண்டு கணக்கையும் காட்டப் போகிறோம். ஏத்தன் குலையை மட்டும் அம்மா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.